குளவி போன வழி

அத்தியாயம் ஏழு

நோரீன் பாஸ்கோவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஜன்னல் வரை போனாள், திரும்பினாள், குனிந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள், மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள்.

"சீஃப், இந்த நடையை நேரா நடந்திருந்தா பிரிஸ்பேன் வந்திருக்கும்," என்றான் அவளுடைய உதவியாளன் எலியா மோஸ்பி. சாசேஜ் ரோலில் பாதி அவன் வாயில் இருந்தது. கொஞ்சம் சட்டையிலும் இருந்தது.

"பேசாம சாப்பிடு."

"பேசாம சாப்பிடற பழக்கம் எங்க தீவுல யாருக்கும் கிடையாது. டல்சியும் ஊருக்குக் கிளம்பிட்டா. இன்னிலேர்ந்து டிவியோடதான் பேசணும்."

மனைவி டல்சியை விமானம் ஏற்றிவிட்டு வந்ததில்தான் அவன் அன்று வேலைக்குத் தாமதம். தாமதமானதற்கு ஆறுதலாகத் தனக்கே வாங்கிக்கொடுத்தது அந்த சாசேஜ் ரோல்.

ஜன்னலுக்கு வெளியே கர்லூ நிறுவனத்தின் விமானக் கொட்டகை கெய்ர்ன்ஸ் வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. சின்ன நிறுவனம். விமானங்களுக்குப் பறவைப் பெயர்கள். அவற்றில் ப்ரோல்கா என்ற விமானம் போன வாரம் நடுவானில் எஞ்சின் நின்று கரும்புக் காட்டில் விழுந்தது. பைலட் கெட்டிக்காரர். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள், ஒரு பள்ளி ஆசிரியைக்கு மட்டும் தோளெலும்பு முறிந்தது. இறக்கைகள் கரும்புக்குள் நொறுங்கிப்போயின. தொட்டியில் பெட்ரோல் இருந்தது. ஆனால் எஞ்சினுக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான் தெரிந்தது.

நிறுவனத்தின் முதலாளி நோரீனை அழைத்ததற்குக் காரணம் அதுதான்.

நோரீன் கைரேகை எடுப்பதில்லை, ரத்தக்கறை தேடுவதில்லை. ஒரு வேலை எப்படி நடக்கவேண்டும் என்று யாரோ வரைந்து வைத்த வழி ஒன்று இருக்கும். அது உண்மையில் எப்படி நடந்தது என்பதற்குக் கம்ப்யூட்டரில் தடம் இருக்கும். இந்தக் கொட்டகையில் கருவி எடுத்தால் எந்த விமானத்துக்கு என்று குறித்து இன்ஜினியர் தன் அட்டையைத் தட்டியாகவேண்டும், ஒரு கட்டத்தை முடித்தால் டேப்லெட்டில் அமுக்கியாகவேண்டும். தட்டினாலும் அமுக்கினாலும் தடம். வரைந்த வழியின் மேல் நடந்த வழியை வைத்துப் பார்ப்பாள் நோரீன். பொருந்தினால் பச்சைக் கோடு. விலகினால் சிவப்பு. வங்கியிலும் துறைமுகத்திலும் அவள் பிடித்த திருடர்கள் எல்லோரும் சிவப்பில் நடந்தவர்கள்.

ப்ரோல்காவின் எஞ்சினைக் கடைசியாகப் பார்த்தவர் கிலா வாரி. போர்ட் மோர்ஸ்பியில் படித்து, இங்கே வந்து குடியேறிய இன்ஜினியர். அவர் தடம் முழுக்கச் சிவப்பு. மூடியதைத் திறந்திருக்கிறார். முடித்ததை மறுபடி ஆரம்பித்திருக்கிறார். நடுவில் எங்கேயோ போயிருக்கிறார். காலையில் நோரீன் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். பராமரிப்புத் தலைவர் பேரி லோமாக்ஸ் அதைப் படித்து முடித்த கையோடு கிலாவின் அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வேலை முடிந்துவிட்டது. அதனால்தான் நோரீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எலியா, உனக்கு வேலை செய்ய சோம்பல்னா என்ன பண்ணுவே?"

"இது பொதுவான கேள்வியா, என்னைக் குத்திக் காட்டறீங்களா?"

"பதில் சொல்லு."

"பத்து வேலைல ரெண்டை விட்டுடுவேன். குறுக்கால போவேன்."

நோரீன் திரையில் விரலை வைத்தாள். "இந்த ஆள் எதையுமே விடலை. குறுக்கு வழியே கிடையாது. எல்லாம் சுத்து வழி. அலட்சியக்காரன் எதுக்கய்யா திரும்பத் திரும்ப வரான்?"

எலியா மெல்லுவதை நிறுத்தினான்.

"இங்க பாரு. ப்ரோல்கா எஞ்சின் வேலையில பாதி நடந்துட்டிருக்கு. திடீர்னு கருவி அறைக்குப் போறார். நீள ஸ்குரூ டிரைவர் ஒண்ணு எடுக்கறார். எஞ்சின் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். அதை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல நிக்கற ஐபிஸ் விமானத்துக்குப் போறார். ஐபிஸ் அவர் வேலையே இல்ல."

"திருடப் போயிருப்பார்."

"திருடப் போறவன் அட்டையைத் தட்டிட்டுப் போவானா? சாவியை எடு. போலாம்."

"ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே, சீஃப்?"

"குடுத்தாச்சு. அதான் பயமா இருக்கு."

*

மனுண்டா பகுதியில் கிலாவின் வீடு. முன்வாசலில் கார் நிழலில் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பானராகத் துடைத்துக்கொண்டிருந்தார் கிலா. ஐம்பதை நெருங்கும் ஆள். வந்தவர்களைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"வேற ஏதாவது பிடுங்கறதுக்கு மிச்சம் இருக்கா?" என்றார்.

"கிலாண்ணே, நான் வெறும் டிரைவர்," என்று எலியா இரண்டு கைகளையும் தூக்கினான்.

நோரீன் சுற்றி வளைக்கவில்லை. "ப்ரோல்கா வேலைக்கு நடுவுல எதுக்கு ஐபிஸுக்குப் போனீங்க?"

"இதைக் காலைல கேட்டிருக்கலாமே. எழுதிக் குடுத்துட்டு வந்து கேக்கறீங்க."

"கேட்டிருக்கணும். கேக்கலை. இப்பக் கேக்கறேன்."

கிலா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"குளவி," என்றார்.

"என்னது?"

"எஞ்சின்ல கையை விட்டுக்கிட்டு நிக்கறேன். தலைக்கு மேல ஒரு குளவி போகுது. வாயில மண் உருண்டை. ஐபிஸோட இறக்கைக்கு அடியில போச்சு. வெறும் வாயோட வெளியில வந்துச்சு. திரும்ப மண்ணோட வந்துச்சு. மண்ணோட உள்ள போய், வெறும் வாயோட வெளியில வந்தா என்ன அர்த்தம்?"

"வீடு கட்டுது," என்றான் எலியா.

"எங்க கட்டுது? இறக்கைக்கு அடியில ஒரு தகடு. அதுக்குள்ள பெட்ரோல் தொட்டிக்குக் காத்து போற குழாய். எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்துப் பாருங்க, எண்ணெய் வராது. காத்து உள்ள போக இன்னொரு ஓட்டை வேணும். அந்த ஓட்டையை மண்ணு வெச்சு அடைச்சா தொட்டி நிறைய பெட்ரோல் இருந்தும் எஞ்சின் பட்டினி."

"அதுக்குத்தான் அந்த ஸ்குரூ டிரைவரா?" என்றாள் நோரீன்.

"நீள ஸ்குரூ டிரைவர் இல்லாம அந்தத் தகட்டைத் திறக்க முடியாது. போய் எடுத்தேன். ஐபிஸைத் திறந்தேன், கூட்டைக் குத்தி எடுத்தேன், மூடினேன். டேப்லெட்ல அடுத்தவன் விமானத்தைச் சுத்தம் பண்ணினேன்னு போட இடமே இல்ல. அப்புறம் எனக்கு மனசு கேக்கலை. ப்ரோல்காவோட இறக்கையையும் பாத்துடலாம்னு போனேன்."

"பாத்தீங்களா?"

"எங்க பாக்க விட்டாங்க? பேரி வந்துட்டார். இறக்கையெல்லாம் நானே இப்பத்தான் திறந்து பாத்து மூடினேன், உன் எஞ்சினைப் பாருய்யான்னார். டேப்லெட்டைப் பாத்தேன். ஆமா, அவர் பேர்ல முடிஞ்சுதுன்னு இருந்துச்சு. மேலதிகாரி. என்னைவிட அனுபவம். நம்பிட்டு எஞ்சினுக்குத் திரும்பிட்டேன்." கிலாவின் குரல் தாழ்ந்தது. "அந்த டீச்சரம்மா எப்படி இருக்காங்க?"

நோரீன் ஏற்கனவே காருக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

*

காரின் பானெட் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். உலோகம் சுட்டது.

"இத்தனை நாளா சிவப்பையே பாத்துட்டிருந்தேன். பச்சையைப் பாக்கவே இல்ல."

"பச்சைதான் நல்ல பிள்ளையாச்சே சீஃப். அதைப் பாக்க என்ன இருக்கு?"

"பாரு எவ்வளவு நல்ல பிள்ளைன்னு." பேரி செய்த இறக்கைச் சோதனைகளின் தடங்களைத் திரையில் அடுக்கினாள். எல்லாம் அளவுகோல் வைத்துக் கிழித்தது போல் நேர்கோடுகள். திற, பார், சுத்தம் செய், மூடு. திற, பார், சுத்தம் செய், மூடு. ஒரு நெளிவு இல்லை.

எலியா எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அடேயப்பா, நடுவுல டீ குடிக்கப் போகலை. ஏணியை மறந்துட்டுத் திரும்பி வரலை. போன்கூட வரலை. மனுஷனா, சாமியாரா?"

"ரெண்டும் இல்ல. மேஜைல உக்காந்துக்கிட்டு வரிசையா அமுக்கிட்டே போயிருக்கார். விமானத்துப் பக்கமே போகலை. நிஜமா வேலை செஞ்சவன் தடம் கோணலாத்தான் இருக்கும். ஸ்குரூ இறுகியிருக்கும், டார்ச் அணைஞ்சிடும், எவனாவது கூப்பிடுவான். வரைஞ்ச வழியில அச்சுப் பிசகாம நடந்தது யாருன்னா, நடக்கவே நடக்காதவன்."

கிலா அவர்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். "அப்ப ப்ரோல்காவை..."

"திறக்கவே இல்ல. அதே நேரம் அந்த நீள ஸ்குரூ டிரைவர் எங்க இருந்துச்சு? கருவி அறையில அது ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். என் கையில இருந்துச்சு. அப்ப எனக்கு அது உறைக்கவே இல்ல."

"அன்னிக்கு அவர் முடிச்சதா போட்டது ப்ரோல்கா மட்டும் இல்ல. இன்னொரு விமானமும் இருக்கு. பெலிகன். ரெண்டு இறக்கையும் பச்சை."

பெலிகன் இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்க நோரீன் எலியாவின் பக்கம் திரும்பினாள்.

எலியாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. துடைக்க மறந்துபோன சாப்பாட்டுத் துணுக்கைப் போல.

"நிக்கலை," என்றான். "பறக்குது. டல்சி அதுலதான் போறா."

*

எலியா காரை ஓட்டினான் என்று சொல்வது சரியில்லை. விரட்டினான். பின்சீட்டில் கிலா. முன்னால் நோரீன் கையில் போன், ஸ்பீக்கரில் ரேடியோ அறை மாவிஸ்.

"மாவிஸ், பெலிகன் எங்க இருக்கு?"

"லாக்ஹார்ட் வழியா தீவுக்குப் போயிட்டிருக்கு. குக்டவுனைத் தாண்டப் போகுது. ஏன்?"

"உடனே குக்டவுன்ல இறங்கச் சொல்லுங்க."

"நீங்க சொல்லி நான் எப்படிங்க இறக்கறது? பேரிகிட்ட கேக்கணும். இதோ இங்கதான் நிக்கறார்."

போன் கைமாறியது. பேரி லோமாக்ஸின் குரல் கரகரத்தது. "என்ன மேடம் விளையாட்டு? காலைல ஒரு ரிப்போர்ட், இப்ப ஒரு ரிப்போர்ட்டா? கம்ப்யூட்டர்ல கோடு போட்டுப் பாத்து ஒரு விமானத்தைத் தரையிறக்குவாங்களா? மேல ஆள் இருக்கு. சும்மா பீதியைக் கிளப்பாதீங்க."

"ஒரே ஒரு கேள்வி. பெலிகனோட இறக்கைத் தகட்டை எதை வெச்சுத் திறந்தீங்க?"

"எதை வெச்சுத் திறப்பாங்க? நீள ஸ்குரூ டிரைவர்."

"கருவி அறையில இருக்கறதா?"

"வேற எங்க இருக்கும்?"

"பேரி, நீங்க திறந்ததாச் சொல்ற நேரத்துல அது கிலா கையில இருந்துச்சு. ஐபிஸுக்கு அடியில. அவர் அட்டையைத் தட்டி எடுத்திருக்கார், தட்டித் திருப்பிக் குடுத்திருக்கார். நீங்க அதைத் தொடவே இல்ல."

மின்விசிறியின் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

எலியா சிவப்பு விளக்கில் பிரேக் போட்டான். போனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "பேரி, என் வீட்டுக்காரி அதுல இருக்கா. திறந்தேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். திறந்தீங்களா?"

பேரி கத்துவார், மறுப்பார், போனை வைப்பார் என்று நோரீன் எதிர்பார்த்திருந்தாள்.

"திறக்கலை," என்றது போன். உடைந்த குரல். அடுத்த நொடி அதே குரல் அறை அதிரக் கத்தியது. "மாவிஸ், மைக்கைக் குடு! இங்க குடு!"

விளக்கு பச்சைக்கு மாறுவதற்குள் எலியா கிளம்பிவிட்டான்.

அவர்கள் ரேடியோ அறைக்குள் நுழைந்தபோது பேரி மைக்கின் மேல் கவிழ்ந்திருந்தார். பெரிய உடம்பு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பைலட்டின் குரல் கொரகொரப்பாக வந்தது.

"குக்டவுனுக்குத் திரும்பிட்டேன். என்ன பிரச்சினை?"

"ஆட்ரி, பெட்ரோல் முள்ளைப் பாத்துச் சொல்லு. ரெண்டு பக்கமும்."

"வலது பக்கம் இறங்கியிருக்கு. இடது பக்கம்..." குரல் நின்றது. "இடது பக்கம் கிளம்பினப்ப இருந்த மாதிரியே இருக்கு. அசையலை. முள் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்."

கிலா பேரியின் தோளுக்கு மேலாகக் குனிந்து மைக்கை இழுத்தார். "ஆட்ரி, கிலா பேசறேன். முள் சரியாத்தான் இருக்கு. இடது தொட்டி அடைச்சிருக்கு. வலதை மட்டும் நம்பிப் பற. உயரத்தை இறக்கிடாதே, ஓடுபாதை மேல வந்தப்புறம் இறங்கு."

"சரி," என்றது பைலட்டின் குரல். ஏன் என்று கேட்கவில்லை.

அதன்பிறகு ரேடியோ பேசவில்லை. மாவிஸ் ஒரு பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பேரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எலியா வாசல் நிலையில் சாய்ந்திருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. வேடிக்கைப் பேச்சு இல்லை, ஜெபம். நோரீன் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"ஆள் இல்ல எனக்கு," என்றார் பேரி, சுவரிடமே. "ரெண்டு இன்ஜினியர் வேலையை விட்டுப் போயிட்டாங்க. கேட்டுக் கேட்டுப் பாத்தேன். விமானம் நின்னா தீவுக்கு மருந்து போகாது, ஆள் போகாது. முதல் தடவை அமுக்கினப்ப மறுநாள் திறந்து பாத்துடலாம்னு நினைச்சேன். ஒண்ணும் ஆகலை. அப்புறம் அதுவே..."

"கிலாவை வீட்டுக்கு அனுப்பினப்ப என்ன நினைச்சீங்க?" என்றாள் நோரீன்.

பேரி நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

ரேடியோ கொரகொரத்தது. "பெலிகன், குக்டவுன்ல இறங்கியாச்சு. எல்லாரும் நல்லா இருக்காங்க. இங்க ஒரு அம்மா மட்டும் எதுக்கு இறக்கினேன்னு என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்க."

எலியா அப்படியே தரையில் உட்கார்ந்தான். "டல்சிதான்," என்றான். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

*

குக்டவுனுக்கு உடனே ஒரு இன்ஜினியர் போகவேண்டும். கொட்டகையில் ஐபிஸும் இன்னொரு விமானமும் நின்றன.

"எதுல போறது?" என்றாள் நோரீன்.

"கேக்கவே வேண்டாம் சீஃப்," என்றான் எலியா. குரல் திரும்ப வந்திருந்தது. "சிவப்புக் கோடு போட்டது எதுவோ அதுல."

ஐபிஸில் போனார்கள். பேரியும் கூட வந்தார். கிளம்பும் முன் விமானப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அவரே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். வழி முழுக்க யாரும் அவரோடு பேசவில்லை.

குக்டவுனில் காற்று பலமாக வீசியது. பெலிகனின் இறக்கை நிழலில் பயணிகள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். டல்சி மடியில் பெரிய கேக் டப்பாவை வைத்துக்கொண்டு எலியாவை முறைத்தாள்.

"நாளைக்குக் கல்லறைக் கல் திறப்பு விருந்து. ஊரே காத்திருக்கு. கேக் உருகுது. உன்னாலதான் இறக்கினாங்களாமே?"

எலியா அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் தோளில் கையை வைத்தான். எடுக்கவில்லை.

"என்னய்யா, பேச்சையே காணோம்? உடம்பு சரியில்லையா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கிலா இடது இறக்கைக்கு அடியில் ஏணி போட்டுத் தகட்டைக் கழற்றினார். குழாயின் வாயில் மண் பூசி அழகாக மெழுகியிருந்தது, குயவன் விரல் வைத்தது போல. கம்பியால் குத்தியதும் கட்டியாகப் பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே தொட்டிக்குள் சர்ரென்று காற்று இழுக்கும் சத்தம் கீழே நின்றவர்களுக்கும் கேட்டது. உட்கார்ந்திருந்த பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். டல்சி கேக் டப்பாவைக் கீழே வைத்தாள்.

நோரீன் கிலாவின் அருகில் போனாள். "காலைல நான் எழுதினதைத் திரும்ப வாங்கிக்கறேன். என்ன தப்பா எழுதினேன், ஏன் தப்புன்னு என் கையெழுத்தோட முதலாளிக்குப் போகும். உங்ககிட்ட நேர்லயும் சொல்றேன். தப்பு என்னோடது."

"வேகமா எழுதறீங்க," என்றார் கிலா. "ஆனா வேகமா ஓடியும் வரீங்க. பரவால்ல."

ஏணியை விட்டு இறங்கி, நீள ஸ்குரூ டிரைவரை பேரியிடம் நீட்டினார்.

"வலது பக்கம் நீங்க திறங்க."

பேரி வாங்கிக்கொண்டார். ஏணியை நகர்த்தினார். ஏறினார். தகட்டின் ஸ்குருக்கள் இறுகியிருந்தன. ஒன்று வழுக்கியது. இறங்கி வந்து எண்ணெய் கேட்டார், மறுபடி ஏறினார். டார்ச் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

"இந்தப் பக்கம் சுத்தமா இருக்கு, கிலா."

"கம்பியை விட்டுப் பாத்தீங்களா?"

பேரி தயங்கினார். கம்பியை வாங்கி உள்ளே விட்டார். கொஞ்ச தூரம் போனது. நின்றது. அழுத்தினார்.

பாதி கட்டியிருந்த கூட்டின் ஈரம் காயாத மண் அவர் அண்ணாந்த முகத்தில் கொத்தாக விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு குளவி வெளியே வந்து, அவரை ஒருமுறை சுற்றிவிட்டு, காற்றில் போயிற்று. பேரி மண்ணைத் துடைக்கவில்லை. ஏணியின் மேலேயே நின்று, கீழே நிற்கும் பயணிகளை முதல்முறையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. எலியாகூட.